வலமாக மட்டும் ஓடும் இணைப்புப் பேருந்து

செங்கம் சாலையில் குடியிருக்கும் ஆதிலட்சுமிக்குத் திருவண்ணாமலை ரயில் நிலையம் நாலு கிலோமீட்டர். அவளுக்கு உதவுவது என்று ஓர் அலுவலகம் முடிவெடுத்த நாளிலிருந்து அது பதின்மூன்று கிலோமீட்டர் ஆகிவிட்டது.

உதவி வந்து சேர்வதற்கு முன்னால் அவள் பிழைப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் விடுதிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சிமெண்டு ஷீட் போட்ட ஒரு வீட்டில் அவளும், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் சிந்துஜாவும் இருந்தார்கள். கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. வேலூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் ஆதிலட்சுமிக்கு வேலை. அறுவைச் சிகிச்சைக் கத்தரி, இடுக்கி, ஊசி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, துணியில் சுற்றித் தட்டுத் தட்டாக அடுக்கித் தர வேண்டும். காலை ஒன்பதரைக்குள் தட்டுகள் தயாராகாவிட்டால், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட வயசாளிகள் வரிசையாகப் படுத்துக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். மூன்று வருஷமாக அவள் தற்காலிகம். ஐப்பசியில் ஒரே ஓர் இடத்தை நிரந்தரம் செய்யப்போகிறார்கள், அது தாமதமாக வருகிறவர்களுக்குக் கிடையாது என்று மேற்பார்வையாளர் ஜோதியம்மாள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஆதிலட்சுமி தாமதமாகப் போகிறவள் அல்ல. ஆறு நாற்பதுக்கு ஒரு டவுன் பஸ் வரும். அந்த பஸ்ஸைப் பற்றி ஊரில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஏற்றிய கண்ணாடி இறங்காது, இறக்கிய கண்ணாடி ஏறாது. பூக்கூடைக்கும் பால் கேனுக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆனால் ஏழு மணிக்கு ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டுவிடும். ஏழு பத்துக்கு பாசஞ்சர். எட்டே முக்காலுக்கு வேலூர் கன்டோன்மென்ட். தான் செய்வது ஒரு பெரிய சேவை என்று அந்த டவுன் பஸ்ஸுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதுவும் கெட்டுப்போயிருக்கும்.

இந்த நிலையில்தான் ‘ரயில் எல்லை விரிவாக்க இணைப்புப் பேருந்து முகமை’ எங்கள் ஊருக்கு வந்தது. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் ஜனங்கள் அதை இணைப்பு ஆபீஸ் என்றார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, எந்தப் பேருந்தும் நிற்காத ஒரு புறவழிச் சாலையில், வாடகை மாடியில் அதை வைத்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொந்த வண்டியில் வந்தார்கள்.

தொடக்க விழா ரயில் நிலையத்துக்கு வெளியே பந்தல் போட்டு நடந்தது. முகமையின் சிறப்பு அலுவலர் புகழேந்தி பேசினார். நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் கைகூப்புவார். அவர் சொன்னது இது.

“பெரியோர்களே, ரயில் என்பது ரயில் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் மக்கள் ரயில் நிலையத்தில் வசிப்பதில்லை. இந்த உண்மையைக் கண்டறிய எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆய்வும் மூன்று மாநில சுற்றுப்பயணமும் தேவைப்பட்டன.”

ஜனங்கள் கை தட்டினார்கள். வெயிலாக இருந்தது, தட்டினால் முடிப்பார் என்று நினைத்தார்கள்.

குளிர்சாதன வசதி கொண்ட, ஊதா நிறத்தில் பளபளத்த ஒரு பேருந்து வாழை மரம் கட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் முருகவேல் வேட்டவலம் பக்கத்துக்காரர், இருபது வருஷ அனுபவம். நிலையத்திலிருந்து வடக்கு வழியாக அடி அண்ணாமலை போய், அங்கிருந்து செங்கம் சாலை வந்து, நேராக நிலையம் திரும்புவது என்றுதான் ஆய்வு அறிக்கையில் தடம் போட்டிருந்தது. கொடியசைக்கக் கையைத் தூக்கிய நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு நன்கொடையாளர், “மலையை இடமாவா சுத்தப்போறீங்க?” என்று கேட்டார். சும்மா கேட்டார். அவரே தினமும் காலையில் பால் வாங்க அந்தப் பக்கமாகத்தான் ஸ்கூட்டரில் போய் வருகிறார். கேட்டுவிட்டு சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

புகழேந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. கிரிவலம் என்றால் மலை நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நடந்து சுற்றுகிற பக்தனுக்கான வழக்கத்தை டீசல் வண்டிக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. செங்கம் சாலையில் லாரி, கரும்பு டிராக்டர், பெங்களூர் பஸ் எல்லாம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, மலையும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் நாளைக்கு எவனாவது படம் பிடித்துப் போட்டுவிட்டால்? மேடைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் ஆலோசனை நடந்தது. பேருந்தைத் திருப்பி நிறுத்தினார்கள். ‘இணைப்புச் சேவை வலமாக மட்டும் இயங்கும்’ என்று கோப்பில் ஒரு வரி ஏறியது. வலமாகப் போவது என்று ஆன பிறகு கிரிவலப் பாதையில் இருக்கும் லிங்கக் கோயில்களில் நிற்காமல் போவது மரியாதையா என்று யாரோ கேட்க, ஒவ்வொரு லிங்கத்திலும் ஐந்து நிமிடம் என்று இன்னொரு வரியும் ஏறியது.

அன்று மாலையே டவுன் பஸ் நின்றது. ஒரே ரயிலுக்கு இரண்டு பேருந்து எதற்கு என்று முகமை எழுதியிருந்ததாம். ரயில் நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு ‘இணைப்பு வளாகம்’ என்று பலகை வைத்து, ஷேர் ஆட்டோக்களையும் விரட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆதிலட்சுமி ஆறேகாலுக்கு ஊதா பேருந்தில் ஏறினாள். உள்ளே அவளையும் முருகவேலையும் தவிர யாரும் இல்லை. சில்லென்று இருந்தது. ஒரு பெண் குரல், “இணைப்போடு இணைந்திருங்கள்” என்றது. பேருந்து ரயில் நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கிளம்பியது.

அவள் எழுந்து முன்னால் போய், “அண்ணே, நான் டேஷனுக்குப் போணும்” என்றாள்.

“நானும் அங்கதாம்மா போறேன்” என்றார் முருகவேல். “உட்காருங்க. சுத்திக்கினு போணும்.”

எம லிங்கத்தில் ஐந்து நிமிடம் நின்றது. நிருதி லிங்கத்தில் நின்றது. வருண லிங்கம், அடி அண்ணாமலை, வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம். ஒவ்வொன்றிலும் கதவு திறந்து, ஒருவரும் ஏறாமல், ஒருவரும் இறங்காமல் மூடியது. ஈசான்ய லிங்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே பாசஞ்சரின் ஊதல் கேட்டது. ஏழு இருபதுக்கு நிலையம் வந்தார்கள். வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்த முகமை ஊழியர், ‘சரியான நேரம்’ என்று குறித்துக்கொண்டார். ரயில் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்று அவள் வேலூர் சேர்ந்தபோது பத்தே கால். ஜோதியம்மாள் திட்டவில்லை, பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டாவது நாளும் அதேதான். மூன்றாவது நாள் ஷேர் ஆட்டோவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஆள் சேராமல் அது கிளம்பவே இல்லை. தனி ஆட்டோ என்றால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். மூன்று தாமதம் சேர்ந்து ஒரு விடுப்பு ஆனது.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் நடக்க ஆரம்பித்தாள். ஐம்பது நிமிடத்தில் ரயில் நிலையம் வந்தது. பேருந்தை விட அவள் கால் அரை மணி சீக்கிரம். தினமும் காலையில் நாலு கிலோமீட்டர், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, சாயங்காலம் மறுபடி நாலு. ஒரு மாதத்தில் வலது முழங்கால் வீங்கியது. சிந்துஜா இரவில் எண்ணெய் தேய்த்துவிட்டபடி, புகார் கொடுக்கச் சொன்னாள். ஆதிலட்சுமிக்கு எழுதுவதில் பயம் இல்லை. மருத்துவமனையில் தினமும் பட்டியல் எழுதிப் பழகிய கை. ‘டவுன் பஸ்ஸை மறுபடி விடவும், இல்லையென்றால் ஊதா பஸ் நேர் வழியாகப் போகவும்’ என்று எழுதிப் போட்டாள்.

கைப்பேசிக்குப் பதில் வந்தது. ‘தங்கள் பயணம் இனிதாக அமைந்ததில் மகிழ்ச்சி. இது தாங்கள் எங்களைத் தொடர்பு கொண்ட முதல் முறை.’

அவள் பதினோரு புகார் கொடுத்தாள். பதினோரு முறை முகமை மகிழ்ந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக் கூட்டம் இருக்கிறது, அதிகாரி இருப்பார் என்று கேள்விப்பட்டு நேரில் போனாள். போளூர் பஸ்ஸில் போய் வழியில் இறங்கி, புறவழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாள்.

புகழேந்தி அவளை எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். “நீங்கதானா ஆதிலட்சுமி? உங்களைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டே இருந்தோம்” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார். மலையைச் சுற்றி ஊதாக் கோடு வட்டமாக ஓடியது.

“எங்க பேரைப் பாருங்கம்மா. எல்லை விரிவாக்கம். முன்னாடி உங்க வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் வெறும் நாலு கிலோமீட்டர். இன்னிக்கு பதின்மூணு. மூணு மடங்குக்கு மேல விரிவாக்கிட்டோம். இந்த அளவுக்கு வேற எந்த மாவட்டத்துலயும் செய்யல.”

“சார், எனக்கு விரியாம இருந்தா போதும்” என்றாள் ஆதிலட்சுமி.

அவர் சிரித்தார். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான ஜனம் கால் கடுக்க நடந்து சுற்றுகிறது, உங்களுக்குத் தினமும் அந்தப் புண்ணியம் உட்கார்ந்தபடி குளுகுளுவென்று கிடைக்கிறதே என்று கேட்டார்.

“புண்ணியத்தை நான் ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன் சார். எனக்கு ஏழு பத்துக்கு வண்டி வேணும். ஒண்ணு, நேரா விடுங்க. இல்லைன்னா ரயில்காரங்ககிட்ட சொல்லிப் பத்து நிமிஷம் லேட்டா எடுக்கச் சொல்லுங்க.”

“ரயில் எங்க துறை இல்லம்மா” என்றார் புகழேந்தி. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

“எதிர்ப்பக்கமா எல்லா பஸ்ஸும் ஓடுதே சார்.”

“அதெல்லாம் பேருந்து. இது இணைப்பு.”

மேசைமேல் அந்த மாதத்து அறிக்கை இருந்தது. பௌர்ணமியன்று மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள். வருகிற ரயில் எல்லாம் ஜனத்தைக் கொட்டிவிட்டுப் போகும் அந்த ஒரு நாளில் மட்டும் ஊதா பேருந்து ஷெட்டில் நிற்கும். அறிக்கையில் அந்த நாளுக்கு எதிரே, ‘ஒரு பேருந்தும் தாமதம் இல்லை’ என்று போட்டுப் பச்சை மையில் அடிக்கோடு இழுத்திருந்தது.

அவள் எழுந்தபோதுதான் அவர் தேடியதன் காரணத்தைச் சொன்னார். திட்டத்தை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க சென்னையிலிருந்து தலைமை ஆலோசகர் வருகிறார். அவர் ஒரு பயனாளியை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். பதிவேட்டில் தேடினால், ரயில் பாசும் வைத்துக்கொண்டு இணைப்புப் பேருந்தோடும் தொடர்பில் இருக்கிறவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். பதினோரு முறை தொடர்பு கொண்டிருக்கிறார். ஆகவே ‘சிறந்த இணைப்புப் பயணி’ விருது ஆதிலட்சுமிக்கு.

“நான் நடந்துதானே சார் போறேன்?”

“அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பஸ்ல வந்துடுங்க. நீங்க மேடை ஏறி ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னீங்கன்னா, மறுநாளே அந்த ஆறு நாற்பது டவுன் பஸ்ஸுக்கு நான் கோப்பு போட்டு அனுப்பறேன். இதோ பாருங்க, நோட் ரெடியா இருக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

அந்தத் தாளில் ‘ஆறு நாற்பது நகரப் பேருந்தை மீண்டும் இயக்குவது குறித்து’ என்று நிஜமாகவே அச்சாகி இருந்தது. ஆதிலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். முழங்கால் வேறு அப்போது விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. விழா எந்த நாள் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றார். நிரந்தரம் செய்யும் நேர்காணலும் அந்த வியாழக்கிழமைதான், காலை ஒன்பதரை மணிக்கு, பெரிய டாக்டர் முன்னால்.

“அன்னிக்கு என்னால லேட்டாவ முடியாது சார். வேலையே போயிடும்.”

“என்னம்மா நீங்க? உங்களை ஏழு பத்து ரயில்ல ஏத்தி வழியனுப்பறதுதான் விழாவே. பஸ்ஸிலிருந்து இறங்கறீங்க, சிவப்புக் கம்பளத்துல நடக்கறீங்க, ரயில் ஏறறீங்க. அதுக்குப் பேரு இணைப்பு நிகழ்வு. நீங்க ஏறலைன்னா எனக்குத்தான் அவமானம்.”

இதைவிடப் பெரிய உத்தரவாதத்தை ஒரு மனுஷி எங்கே போய்க் கேட்பாள்? அவள் ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது சிந்துஜா முகத்தைச் சுளித்தாள். “எல்லா நாளும் நடந்து போற, அந்த ஒரு நாளும் நடந்தே போயிடும்மா” என்றாள். ஆதிலட்சுமி டவுன் பஸ் கோப்பைப் பற்றிச் சொன்னாள். மகள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் முழங்காலருகே உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு, ஆறேகாலுக்குப் பேருந்துக்கு வந்தாள். பேருந்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஏறியதும் முருகவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கியரை மாற்றி வண்டியைக் கிளப்பினார். எம லிங்கத்தில் வண்டியை நிறுத்தவில்லை. நிருதியில் நிறுத்தவில்லை. வாயு லிங்கத்தைத் தாண்டும்போது ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி கோச்சுக்காது. ஆபீஸுதான் கோச்சுக்கும்” என்றார். ஆறு ஐம்பதுக்குப் பேருந்து ரயில் நிலையப் பந்தலில் வந்து நின்றது. அந்தச் சேவையின் வரலாற்றில் அது ஒரு ரயிலுக்கு முன்னால் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

சீக்கிரம் வந்ததில் முகமை குழம்பிப்போனது. நாதஸ்வரக்காரர் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார். பேருந்தை மறுபடி வெளியே கொண்டுபோய் உள்ளே வரச் சொன்னார்கள். அதில் ஐந்து நிமிடம் போனது. ஆதிலட்சுமிக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தபோது ஆறு ஐம்பத்தேழு. பந்தலிலிருந்து நிலையத்தின் வாசல் வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். வாசலோடு கம்பளம் நின்றுவிட்டது, அதற்கு அந்தப் பக்கம் வேறு துறை. கம்பளத்தின் தொடக்கத்தில் ஒரு ஊதா ரிப்பன் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் பூந்தொட்டிகளும் விருந்தினர் நாற்காலிகளும் அடைத்துக்கொண்டு நின்றன.

இறைவணக்கம் பாடினார்கள். குத்துவிளக்கின் ஐந்து திரியும் காற்றில் ஒவ்வொன்றாக அணைந்து மறுபடி ஏற்றப்பட்டன. ஏழு மூன்றுக்குத் தலைமை ஆலோசகர் பேச எழுந்தார். அவர் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார்.

“நான் இதுவரை இந்தச் சேவையில் பயணம் செய்ததில்லை” என்று ஆரம்பித்தார். “இனியும் செய்ய மாட்டேன். ஏனென்றால், பயணம் செய்தவனால் நடுநிலையாக மதிப்பிட முடியாது. எண்கள் பேச வேண்டும். இந்தத் தடத்தில் ஒரு பயணிக்கு ஆகும் தூரம் நாட்டிலேயே அதிகம். அந்த வகையில் இது ஒரு முன்மாதிரி. பேருந்தில் கூட்டம் இல்லை என்று சிலர் குறை சொல்வதாக அறிகிறேன். கூட்டம் இல்லாத பேருந்தைத்தானே எல்லோரும் விரும்புகிறோம்?”

ஏழு ஆறு. ஆதிலட்சுமி எழுந்தாள். புகழேந்தி புன்னகையோடு அவள் தோளை அமுக்கி உட்கார வைத்து, இரண்டே நிமிடம் என்று விரலைக் காட்டினார். அவரே பேச வந்தார். ஒரு மனிதனைத் தன் ஊரோடு இணைப்பதும், ஊரை ரயிலோடு இணைப்பதும், ரயிலை நாட்டோடு இணைப்பதும் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது பாசஞ்சர் வந்து நின்றது. அவர் அதைக் கையால் காட்டினார்.

“இதோ! ரயில் வந்துவிட்டது. பயணி இங்கே இருக்கிறார். ரயில் அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம்!”

அந்த வருஷம் அந்த முகமை சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவளுக்குச் சால்வை போர்த்தி, கண்ணாடியில் செய்த ஒரு பேருந்தைக் கொடுத்தார்கள். அது நாலு கிலோ இருக்கும். அவள் அதை அணைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். ரிப்பன் முன்னால் வந்து நின்றாள். தலைமை ஆலோசகர் ரிப்பனை வெட்ட வேண்டும், பிறகுதான் கம்பளத்தில் கால் வைக்க வேண்டும், அதுதான் புகைப்படம். ஆலோசகர் கையை நீட்டினார். தட்டில் குங்குமம், சந்தனம், கற்கண்டு எல்லாம் இருந்தது. கத்தரிக்கோல் இல்லை.

ஒருவர் பந்தல்காரரிடம் ஓடினார். ஒருவர் பூக்காரியிடம் ஓடினார். தினமும் நூற்றுக்கணக்கில் கத்தரிக்கோல் எடுத்து அடுக்கிக் கொடுக்கும் ஆதிலட்சுமி, ஒரே ஒரு கத்தரிக்கோலுக்காகக் கழுத்தில் மாலையோடு நின்றாள். “சார், நான் குனிஞ்சு போயிடறேன் சார்” என்று கெஞ்சினாள். குனிந்து போனால் படம் நன்றாக வராது என்று போட்டோக்காரர் சொன்னார். பேருந்துப் படியில் நின்றிருந்த முருகவேலுக்குப் பொறுக்கவில்லை.

“ரிப்பனு கெடக்குதும்மா, அறுத்துக்கினு ஓடு” என்று கத்தினார்.

ஆதிலட்சுமி ரிப்பனைக் கையால் இழுத்து அறுத்துக்கொண்டு ஓடினாள். கண்ணாடிப் பேருந்து கம்பளத்தில் விழுந்தது. அவள் வாசலைத் தாண்டி நடைமேடையில் கால் வைத்தபோது கடைசிப் பெட்டி அவளைக் கடந்து போனது. மாலை, சால்வை, வீங்கிய முழங்கால் இவற்றோடு எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடினாள். பிறகு நின்றாள்.

அவள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோது புகழேந்தி உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த ரயில் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். “அது எங்க துறை இல்லம்மா” என்றார். பிறகு, யாரோ கொண்டுவந்த கத்தரிக்கோலால், புதிதாகக் கட்டிய இன்னொரு ரிப்பனை ஆலோசகர் வெட்டினார். கம்பளத்தில் நடப்பதற்கு ஆள் வேண்டும் என்பதால் முகமையின் தட்டச்சரை நடக்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

ஆதிலட்சுமி பஸ் நிலையம் போய் பஸ் பிடித்து மருத்துவமனை சேர்ந்தபோது பதினொன்று. நேர்காணல் முடிந்திருந்தது. அவள் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது. ஜோதியம்மாள் தன்னால் முடிந்த வரை கெஞ்சிப் பார்த்ததாகச் சொன்னார். எதனால் தாமதம் என்று பெரிய டாக்டர் கேட்டாராம். சரியான நேரத்துக்கு ரயில் பிடித்ததற்காக விருது வாங்கிக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்த இடம் மருத்துவமனைக்குப் பின் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குப் போனது. மாதக் கடைசியோடு தற்காலிகமும் முடிந்தது.

முருகவேலுக்கு மெமோ வந்தது. நிறுத்தங்களில் நிற்காமல் பயணியை முன்கூட்டியே கொண்டு சேர்த்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். திட்டம் ஐந்து வருஷம் நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அறிக்கையில் செங்கம் சாலை, ‘புகாரே இல்லாத தடம்’ என்று தனியாகப் பாராட்டப்பட்டது. உண்மைதான். அங்கிருந்து புகார் எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆள் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆதிலட்சுமி இப்போது சந்து முனையில் இருக்கும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். பாதிச் சம்பளம். சிந்துஜா கல்லூரி போய்விட்டு வந்து சாயங்காலம் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். போன மாதம் புகழேந்தி ஒரு படிவத்தோடு விடுதிக்கே வந்தார். விருது பெற்ற பயனாளியின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டுமாம். கைகூப்பினார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“திட்டத்துக்கு முன்னாடி வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆச்சும்மா?”

“ரெண்டு மணி நேரம்.”

“இப்போ?”

“ரெண்டு நிமிஷம்.”

அவர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினார். எழுதிவிட்டுப் படிவத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ஆதிலட்சுமி அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “அந்த ஆறு நாற்பது பஸ்ஸு கோப்பு என்ன ஆச்சு சார்?” என்று கேட்டாள்.

“அதுக்கு இனிமே என்னம்மா தேவை? நீங்கதான் ரெண்டு நிமிஷத்துல போயிடறீங்களே” என்றார் புகழேந்தி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வெளியே ஊதா பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு, மேற்கே போனது.